பச்சை மூடிக் களிம்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அங்கே நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய், நாங்களும் இங்கே அதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். உன் அம்மா உண்மையிலேயே நலம். நான் முகத்தைத் தவிர நலம். போனில் பேசினால் நடுவில் கோபம் வந்து பேச்சு வேறெங்கோ போய்விடும் என்பதால் எழுதுகிறேன், இதற்குள் இரண்டு முறை எழுந்துபோய்க் கண்ணாடி பார்த்துவிட்டு வந்தாயிற்று.

நாலு ஞாயிறாக வீடியோவில் என் முகத்துக்குப் பதில் மின்விசிறியைத்தான் காட்டினேன். அப்பாவுக்கு என் மேல இன்னும் கோபம் தீரலையாம்மா என்று நீ கேட்டாயாம். தீரவில்லைதான். என்னைக் கேட்காமல் வேலையை ஒப்புக்கொண்டு கிளம்பியதை நான் மறக்கப்போவதில்லை. ஆனால் மின்விசிறிக்குக் காரணம் அதில்லை. கன்னமும் இமையும் வீங்கிக் கிடக்கின்றன. தோல் டாக்டர் ரோசேசியா என்கிறார், இத்தனை வருடச் சிவப்புக்கு இப்போதுதான் பெயர் கிடைத்தது. உன் பெரிய மாமா வைத்த பெயர் வேறு. பதினோரு வருடத்துக்கு முன்னால் விருந்தில், இருபது பேர் நடுவில், மாப்பிள்ளை காலையிலேயே ஆரம்பிச்சுட்டார் போல என்று சிரித்தாரே, ஒரு சொட்டு தொட்டவனில்லை நான். என் ஆபீஸ் மேலாளரும் அதையே நினைத்துக்கொண்டுதான் வெளியாட்கள் வரும் கூட்டங்களுக்கு என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் சேர்ந்தவனை அழைத்துப்போனார். இருவரையும் நான் விடுவதாக இல்லை.

விஷயம் அதுவல்ல. பச்சை மூடிக் களிம்பு தீர்ந்துவிட்டது, இன்னும் இரண்டு அனுப்பச் சொன்னாய் என்று நேற்று அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். போன ஞாயிறு நீயும் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. அந்தக் களிம்பை உன் பெட்டியில் வைத்தவன் நான். முகம் சிவந்தா இதப் போட்டுக்கோ, மூணே நாள்ல போயிடும் என்று பெருமையடித்தவனும் நான். மருந்துக்கடைக்காரர் சீட்டில்லாமல் கொடுத்தது. எனக்கும் மூன்றே நாளில் போனது, எட்டு மாதம் பூசினேன், நிறுத்தியதும் முகம் இப்படி ஆனது. அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாம். சிவப்பை அமுக்கி வைத்து, விட்டதும் இரண்டு மடங்காக எழுப்புமாம். டாக்டர் ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, படிச்சவர்தானே சார் நீங்க என்றார். அவர் மேலும் மனத்தாங்கல் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

இனி அதைத் தேடாதே, அம்மா அனுப்பமாட்டாள். சட்டென்று விட்டாலும் வீங்கும், அதனால் இந்த வாரமே தோல் டாக்டரிடம் போய் எப்படி விடுவதென்று கேள். வெயிலில் தொப்பியும் சன்ஸ்க்ரீனும் இல்லாமல் இறங்காதே, காபியை ஆறவிட்டுக் குடி, வெந்நீரில் முகம் கழுவாதே, அழுத்தித் துடைக்காதே. வீங்கினால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வை, ஐஸை நேராக வைத்துவிடாதே. தலையைச் சற்று உயர்த்திப் படு, அப்படிப் படுத்ததில் காலையில் என் இமைகள் கொஞ்சம் வற்றியிருக்கின்றன. உதடு வீங்கி மூச்சு முட்டினால் அது வேறு, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. கோபப்பட்டாலும் முகம் சிவக்குமாம், அதைக் குறைச்சுக்கோங்க என்கிறார் டாக்டர். அதற்கு மாத்திரை இல்லையாம், கேட்டுவிட்டேன்.

யார் என்ன செய்தார்கள் என்று ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருப்பவன் நான். யாரையும் மன்னித்துப் பழக்கமில்லாததால் உன்னிடம் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. வரும் ஞாயிறு மின்விசிறி இருக்காது, இந்த முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பேன். நீயும் சுவரைக் காட்டாதே.

முகமும் மனமும் தெளிந்து நீ நன்றாயிருக்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது அந்தக் காலி ட்யூபை மறக்காமல் எடுத்துப்போ. யார் கொடுத்தது என்று கேட்டால் மழுப்பாதே, அப்பா என்றே சொல்.

உன் அப்பா