வாளியிலிருந்து இறங்கிய புளியமரம்

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறது. நேற்றைய கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள். அதற்கும் நான்தான் பேச்சு வாங்க வேண்டும்.

காலையில் மரம் வெட்டுகிறவர் வருவார். கார் ஷெட்டுக்காகப் புளியமரத்தைச் சாய்த்தே ஆகவேண்டும் என்று நேற்று ஆற்றிய தலைமையுரையை அவரிடமும் ஆற்றலாம். "இடம் பார்த்து நானே நட்ட மரம்" என்ற வரியை மட்டும் விட்டுவிடுங்கள். நம் பெண் ஓட்டை வாளியில் விதை போட்டாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை நல்ல இடமா பாத்து மாத்திடலாம்" என்றே நீங்கள் வருஷத்தை ஓட்டினீர்கள். கடைசியில் தூக்கப் போனால், வேர் ஓட்டை வழியாகத் தரைக்குள் இறங்கிவிட்டிருந்தது. வாளியின் பிடி மட்டும் கையோடு வர, நீங்கள் சேற்றில் உட்கார்ந்தீர்கள்.

"அப்பா, மரம் உங்கள நட்டுடுச்சு!" என்று சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது. அவள் வேலைக்கென்று வேறு ஊர் போனபிறகு அந்தச் சிரிப்பு வீட்டில் இல்லை. மரம்தான் இருக்கிறது.

மாலையில் வந்துவிடுவேன்.

பி.கு: தாழ்ந்த கிளையில் முதல்முறையாகப் பூ விட்டிருக்கிறது. நேற்று அதைச் சொல்லத்தான் வந்தேன், பேச விட்டால்தானே!

இன்னொன்று: மரத்தடிக்குப் போகிற பின்கேட்டின் சாவியைத் தேடாதீர்கள், என் கைப்பையில் இருக்கிறது. மறதிக்காரி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று என்னைத் திட்டி, மரம் வெட்டுகிறவரை அனுப்பிவிடுங்கள். அந்த வாளிப் பிடியை இன்னும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிற மனுஷனுக்கு, சாவி கிடைக்காதது பெரிய வருத்தமாக இருக்காது.