ஒருத்தி மட்டும் உட்கார்ந்த வகுப்பு

18-1-83, செவ்வாய்

பனி. முண்டியம்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. பொங்கல் லீவுக்கு அப்புறம் முதல் நாள். பாசஞ்சர் லேட். விக்கிரவாண்டியில் வசந்தா ஏறினாள். புதுத் தாவணி. "எப்படிடி இருக்கு?" என்று திண்டிவனம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் அதிக ஊதா.

எகனாமிக்ஸ் சாருக்கு வயிற்றில் ஆபரேஷன். பரீட்சை வரைக்கும் வரமாட்டாராம். பதிலுக்குப் புது மேடம், சரளா என்று பெயர். நெல்லூர்க்காரர். வீட்டுக்காரர் ரயில்வே, விழுப்புரத்துக்கு மாற்றல். சின்ன வயசு. வசந்தா கணக்கில் எங்களைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும்.

வந்ததும் இங்கிலீஷ். நிறுத்தவே இல்லை. மார்ஜினல், மார்ஜினல் என்று நூறு தடவையாவது காதில் விழுந்திருக்கும். எழுதிக்கொண்டேன். ஒன்றும் ஏறவில்லை. பையன்களில் ஒருத்தன், "தமிழ்ல சொல்லுங்க மேடம்."

மேடம் சிரித்தார். "தமிழ் எனக்கு கொஞ்சம் கொஞ்சம் வருது. அவரு வந்தா நல்லா சொல்லும்."

வீட்டுக்காரரைத்தான் சொல்கிறார், 'அவர் சொல்லும்' என்று. வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும்.

வாங்க வேண்டியது: ரீஃபில், ஹேர்பின், அம்மாவுக்குத் தைலம்.

20-1-83, வியாழன்

வெயில் வந்துவிட்டது. எகனாமிக்ஸ்: இன்றும் பூஜ்யம். முன் பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பார்த்தால் புரியும் என்று பார்த்தேன். மேடத்துக்குக் கன்னத்தில் குழி விழுவது தெரிந்தது, அவ்வளவுதான்.

மத்தியானம் தனசேகர் எல்லோரையும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டான். மயிலத்துப் பையன். கிளாஸ் லீடர். நல்ல மாதிரிதான், பெண்களிடம் மரியாதையாகத்தான் பேசுவான்.

"நாமெல்லாம் தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்தவங்க. பரீட்சை இங்கிலீஷ்ல. இந்தம்மா பாட்டுக்கு ரயிலு மாதிரி போய்க்கினே இருந்தா நம்ம கதி? நாளையிலேர்ந்து எகனாமிக்ஸ் கிளாஸுக்கு ஒருத்தரும் போவக் கூடாது. வேற ஆள் போடட்டும். பிரின்சிபாலுக்கு மனு குடுத்தாச்சு."

நான் கேட்டேன். வாய் தானாகத் திறந்துவிட்டது. "இவங்க போயிட்டா வேற ஆள் வருவாங்களா?"

"வருவாங்க."

"வரலைன்னா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வசந்தா கையைக் கிள்ளினாள். ஆபீஸில் பேசிக்கொள்வது: மேடம் தற்காலிகம்தான், இந்த மாசக் கடைசியில் பார்த்து, சரியென்றால் வைத்துக்கொள்வார்கள், பிள்ளைகள் புகார் சொன்னால் அனுப்பிவிடுவார்கள்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். நடவு போய்விட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. "பாடம் நடத்தறாங்களாம், இவனுங்க கேக்க மாட்டானுங்களாமா? இன்னாடா பேஜாரு இது?" என்றது. பிறகு, "நீ இன்னா பண்ணப் போற?"

தெரியலை என்றேன்.

21-1-83, வெள்ளி

உட்கார்ந்தேன்.

யோசித்துச் செய்த மாதிரி இல்லை. மணி அடித்தது, எல்லோரும் எழுந்தார்கள், என் கால் எழவில்லை. வசந்தா வாசலில் நின்று, "வாடி, வாடி" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். அப்புறம் அவளும் போய்விட்டாள்.

மேடம் வந்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரிஜிஸ்டரைத் திறந்து எல்லாப் பெயரையும் கூப்பிட்டார்! ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நிறுத்தி. என் பெயர் வந்ததும் "பிரசன்ட் மேடம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு போர்டில் எழுதி, வகுப்பு முழுக்க ஆள் இருக்கிற மாதிரி அதே சத்தத்தில் பாடம். ஜன்னலுக்கு வெளியே பையன்கள் விசில்.

பாதியில், "புரியுதா?"

"இல்ல மேடம்."

சாக்பீஸை வைத்துவிட்டார். என் முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "எது புரியல?"

"எல்லாமே மேடம்."

திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார். ஆனால் கண் கலங்கித்தான் இருந்தது.

சாயங்காலம் ரயிலில் பார்த்தால் அதே லேடீஸ் பெட்டியில் மேடம். அவரும் தினம் விழுப்புரம்தானே. இத்தனை நாள் எந்தப் பெட்டியில் வந்தாரோ! வசந்தா என்னோடு ஏறவில்லை, பக்கத்துப் பெட்டி. பேரணி ஸ்டேஷன் வரைக்கும் மேடம் ஒரு ஜன்னல், நான் ஒரு ஜன்னல். அப்புறம் அவரே கூப்பிட்டார். "எஸ்தர், மார்ஜினல் அண்டே தமிழ்ல என்ன?"

'அண்டே' என்றால் தெலுங்கில் 'என்றால்'. தெரியாது என்றேன். அவர் விளக்கினார். பாதி இங்கிலீஷ், பாதி தெலுங்கு, கொஞ்சம் தமிழ், மிச்சம் கை. பசிக்கிறது. ஒரு இட்லி. அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று. கடைசியாக ஒன்று தட்டில் விழுகிறதே, அந்த ஒன்று மட்டும் எவ்வளவு திருப்தி கொடுக்கிறது, அதுதான்...

"இறுதிநிலை!" கத்தியே விட்டேன். "குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி!"

எதிரில் கீரைக்கூடைக்காரம்மா திடுக்கிட்டு எழுந்து, "இன்னாம்மே, விழுப்புரம் வந்துட்ச்சா?"

பிளஸ் டூவில் இதை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தேனே. அதுவா இது! நாலு நாளாகத் தெரியாத ஆள் தெரியாத ஆள் என்று நான் ஒதுங்கிப் போன பாடம், முகத்தைப் பார்த்தால் நம்ம தெரு ஆள். அதிலும் ஒன்று. ஒப்பிக்கும்போது எனக்கு அர்த்தம் தெரியாது. இன்றைக்குத்தான் தமிழிலும் புரிந்தது.

ஒப்பந்தம் போட்டாச்சு: ரயிலில் நான் தமிழ்ச் சொல், மேடம் பொருள்.

24-1-83, திங்கள்

இன்றும் நான் மட்டும். பாடம் நன்றாகப் போனது. அதை எழுத மனசில்லை.

வராண்டாவில் போகும்போது பின்னாலிருந்து ஒரு குரல். "சலுகையில சீட்டு வாங்கினவங்க சோப்புப் போட்டுத்தானே ஆவணும்." சிரிப்பு. திரும்பிப் பார்க்கவில்லை. தனசேகர் குரல் இல்லை, அது நிச்சயம். "டேய், யார்றா அது? வாய மூடு" என்று அவன் அதட்டியது கேட்டது.

வசந்தா அங்கேதான் நின்றாள். காதில் விழுந்திருக்கும். தரையைப் பார்த்தாள்.

அதுதான் வலிக்கிறது. சொன்னவனைவிட.

25-1-83, செவ்வாய்

தலைவலி, காலேஜுக்குப் போகவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. "தலைவலியா, மனசுவலியா?"

சொன்னேன். அப்பா பாண்டிச்சேரியில் கட்டட வேலை. சனிக்கிழமைதான் வரும். அது இருந்தால் கத்தியிருக்கும். அம்மா கத்தவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டது. கேப்பைக் கூழைக் கரைத்து என் முன்னால் வைத்தது.

"சொன்னவனுக்குப் பாடம் புரியுதாமா?"

"கிளாஸுக்கே வரலியேம்மா அவன்."

"உனக்குப் புரியுதா?"

"இப்போ புரியுது."

"அப்போ ஜல்தி கெளம்பு. திருவாமாத்தூர் பஸ்ஸு போய்ட்டா விழுப்புரத்துக்கு நடந்துதான் போவணும்."

போனேன். வெறும் வகுப்பில் உட்கார்ந்தேன். போகாமல் இருந்திருந்தால் மேடம் காலி பெஞ்சுகளுக்குத்தான் பெயர் கூப்பிட்டிருப்பார்.

28-1-83, வெள்ளி

நாளைக்குத் தைப்பூசம். ரயிலில் கால் வைக்க இடமில்லை, லேடீஸ் பெட்டிக்குள்ளும் ஆண்கள். மஞ்சள் துணி, காவடி, அரோகரா, ஒரு குழந்தை என் மடியில் வந்து தூங்கிவிட்டது. யாருடையது என்று மயிலம் வந்தபோதுதான் தெரிந்தது.

மயிலம் ஸ்டேஷனில் பூ விற்கிற அம்மாவோடு ஜனம் சண்டை. "நேத்து இன்னா வெல, இன்னிக்கு இன்னா வெல? அநியாயம் பண்றியே!" திட்டிக்கொண்டே எல்லோரும் வாங்கினார்கள். ஒருத்தர்கூட வாங்காமல் போகவில்லை.

மேடம் என் முழங்கையைத் தட்டினார். "விலை ஏறினது. ஏன் வாங்கறாங்க?"

"இன்னிக்குப் பூ இல்லாம முடியாதே மேடம்."

"சாதாரண நாள்ல?"

"வேணாம்னு போயிடுவாங்க. நானே போயிடுவேன்."

"சோ?"

எலாஸ்டிசிட்டி! சாதாரண நாளில் அதிகம், இன்றைக்குக் கம்மி. தேவை நெகிழ்ச்சி. சத்தமாகச் சொன்னேன். காவடிக்காரர் ஒருத்தர், முருகன் பெயரில் ஏதோ புதிது என்று நினைத்தோ என்னவோ, "அரோகரா" என்றார். மேடத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

வகுப்பில் அதையே நடத்தினார். போர்டில் கோடு போட்டு, தமிழில். "மயிலம்ல இன்னிக்கு பூ. தேவை நெகில்ச்சி கம்மி."

வாசலில் தனசேகர். எப்போது வந்து நின்றான் தெரியாது.

"நெகிழ்ச்சி மேடம். ழ."

"நெகில்ச்சி."

"இல்ல மேடம். நாக்க மடிச்சிக்கினு... ழ."

"ள."

"ழ மேடம்!"

சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டான். போர்டு பக்கத்தில் நின்று மேடத்துக்கு ழ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவன், திடீரென்று போர்டைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். "இது... இது நம்ம பிளஸ் டூவுல வந்ததுதானே?"

"ஆமா" என்றேன்.

"அதையா இங்கிலீஷ்ல சொல்லிக்கினு இருந்தாங்க?"

"ஆமாங்க."

என் வரிசைக்கு அந்தப் பக்கம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். வாசல் பக்கம் பார்க்காமல். மணி அடிக்கிற வரைக்கும் எழவில்லை.

31-1-83, திங்கள்

வந்தார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் பெஞ்ச் நிறைந்த மாதிரி. தனசேகர் என்ன சொல்லிக் கூட்டிவந்தான் தெரியவில்லை. மேடம் பெயர் கூப்பிடும்போது, இத்தனை நாள் மாதிரியே ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினார். "பிரசன்ட்." "பிரசன்ட் மேடம்." "எஸ் மேடம்." மழை பிடிக்கிற மாதிரி இருந்தது.

மேடம் தமிழ் தப்பு செய்தால் இப்போது ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் திருத்துகிறார்கள். திருத்த வேண்டுமானால் பாடத்தைக் கேட்டாக வேண்டுமே! அவரும் விடுவதில்லை. திருத்தினவனை எழுப்பி அதையே இங்கிலீஷில் சொல்லச் சொல்கிறார். தனசேகர் 'டிமினிஷிங்' சொல்லிப் பட்ட பாடு!

சாயங்காலம் ஸ்டேஷனில் வசந்தா வந்து பக்கத்தில் நின்றாள். அப்புறம், "அன்னிக்கு அவன் சொன்னப்ப நான் எதாவது சொல்லியிருக்கணும்டி."

"ஆமா, சொல்லியிருக்கணும்."

"கோவமா?"

"ஆமா."

"என் பக்கத்துல உக்காருவியா?"

"உக்காருவேன். கோவமாத்தான் உக்காருவேன்."

உட்கார்ந்தேன். விக்கிரவாண்டியில் இறங்கும்போது என் ஜடையை இழுத்துவிட்டுப் போனாள். முழுசாகச் சரியாகவில்லை. ஆனால் சரியாகும்.

2-2-83, புதன்

பிரின்சிபால் வகுப்புக்கே வந்தார். கையில் மனு. மேடத்தை வெளியே நிற்கச் சொன்னார்.

"இதுல கையெழுத்துப் போட்டவங்க எழுந்திருங்க."

கிட்டத்தட்ட எல்லோரும்.

"இந்தம்மாவை மாத்தணுமா? இப்பவே சொல்லிடறேன், பரீட்சைக்குள்ள வேற ஆள் கிடைக்கறது சந்தேகம்."

தனசேகர், "சார், மனுவ நாங்க வாபஸ் வாங்கிக்கறோம் சார்."

"ஏன்? இப்போ புரியுதா?"

"புரியுது சார். அவங்க தமிழு எங்களுக்குப் புரியுது, எங்க இங்கிலீஷு அவங்களுக்குப் புரியுது."

பிரின்சிபாலே சிரித்துவிட்டார். மேடம் பரீட்சை வரைக்கும் உண்டு! வெளியே வராண்டாவில் மேடம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வசந்தாதான் ஓடிப்போய்ச் சொன்னாள்.

ரீஃபில் இன்னும் வாங்கவில்லை. இது தனசேகர் பேனா. நாளைக்குத் திருப்பித் தரணும்.

11-2-83, வெள்ளி

காற்று சூடாகிவிட்டது. தண்டவாளத்தோரம் கரும்பு வெட்டு. டெஸ்ட் பேப்பர் கொடுத்தார்கள். எனக்குத்தான் முதல். வசந்தா பாஸ். தனசேகர் பாஸ், இங்கிலீஷில் எழுதி! பேப்பரை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான். வராண்டாவில் அன்றைக்குப் பேசினவன் யாரென்று இப்போது தெரியும். இன்று என்னிடம் வந்து மோனோபாலி ஒரு தடவை சொல்லித்தர முடியுமா என்று கேட்டான். முகத்தைப் பார்க்காமல். சொல்லிக் கொடுத்தேன். முகத்தைப் பார்த்து.

ரயிலில் மேடம், "பி.காம். முடிச்சு என்ன பண்ணறீங்க எஸ்தர்?"

வழக்கமான பதில்: பேங்க் பரீட்சை, டைப்ரைட்டிங். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எகனாமிக்ஸ் எம்.ஏ. பி.காம். படிச்சவங்க சேரலாமா மேடம்?"

"சேரலாம். நிறையப் படிக்கணும்."

இப்படி ஒரு ஆசை இருப்பதே சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தது. "உம்" மட்டும். நானும் விட்டுவிட்டேன். இன்னும் மூன்றாம் வருஷமே இருக்கிறது.

12-2-83, சனி

லீவு. தலைக்குக் குளித்தேன். துணி ஊற வைத்தாச்சு. அப்பா மத்தியானம் வரும், அதற்குள் கருவாடு வாங்க வேண்டும்.

அம்மா பின்னால் உட்கார்ந்து தலை வாரிவிட்டது. சிக்கை எடுத்துக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரி, "அந்த எம்.ஏ.வு எந்த ஊர்ல?"

"மெட்ராஸ்ம்மா."

சீப்பு நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது.

"நீ போற ரயிலு திண்டிவனத்தோட நின்னுடுதா, அந்தாண்ட போவுதா?"

"போவுதும்மா. மெட்ராஸ் வரைக்கும் போவுது."