நான்காம் அறையின் சாவி

அன்புள்ள மாமா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். உங்கள் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்து சாப்பிடும்போது, நீங்கள் ஒருவருக்கும் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அது பொய். அதைச் சரிசெய்யத்தான் இந்தக் கடிதம்.

இன்று உங்கள் பெயருக்கு ஒரு தபால் அட்டை வந்தது, கடற்கரை விடுதியிலிருந்து. "ஐயா, கட்டடத்தைப் பிரிக்கிறோம். நான்காம் அறைக் கதவு நல்ல தேக்கு. சிதைக்காமல் கழற்ற வேண்டும். சாவி அனுப்பவும்." கையெழுத்து புதியது. மறுபடியும் கைமாறிவிட்டது போலிருக்கிறது. அம்மா படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்து, அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டார்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் நீங்கள், அம்மா, நான் மூவரும் அங்கே தங்கினோம். கப்பலில் சமையல் செய்து ஓய்வு பெற்ற ஒருவர் அப்போது விடுதியை நடத்திவந்தார். நமக்குத் தந்த நான்காம் அறையின் பூட்டைப் பார்த்ததும், திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருக்கும் உங்களுக்குப் பொறுக்கவில்லை. "இதுக்குப் பேரு பூட்டாய்யா? தும்முனா தொறந்துக்கும்" என்று, பையிலிருந்து நம் ஊர்ப் பூட்டு ஒன்றை எடுத்து, நாதாங்கியோடு மாற்றி, கடை விலாசத்தையும் கொடுத்தீர்கள். "யானை இழுத்தாலும் அசையாது. தொங்கிப் பாருங்க." பாவம், அவர் தொங்கியும் பார்த்தார்.

திரும்பும் வழியில், ரயில் கொடைரோட்டைத் தாண்டியபோது இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. பள்ளி நூலகத்தில் நான் எடுத்த கடற்கொள்ளையர் கதை அறையில் தலையணைக்கு அடியில் இருந்தது. அந்த அறையின் இரண்டு சாவிகளும் உங்கள் சட்டைப்பையில் இருந்தன.

"தபால்ல போட்டா போயிரும். விடு புள்ள" என்றீர்கள். போட்டும் இருப்பீர்கள். அதற்குள் விடுதிக்காரருடைய தபால் அட்டை முந்திக்கொண்டது. "ஐயா, சுத்தியல் உடைந்துவிட்டது. பூட்டு உடையவில்லை." அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினீர்கள்.

"சாவிய அனுப்பிட்டீங்களா மாமா?"

"செத்த இரு. இன்னும் ஒரு வாரம் முயற்சி பண்ணட்டும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய புத்தகம் வராமல் புதியது கிடையாது என்று நூலக சிஸ்டர் சொல்லிவிட்டார். மளிகைப் பொட்டலக் காகிதங்களை ஓரம் விடாமல் படித்தேன். ஒரு கொலைச் செய்தியில், கொன்றவன் யார் என்று தெரிய வேண்டிய இடத்தில் காகிதம் கிழிந்திருந்தது.

அடுத்த அட்டை வேறொருவரிடமிருந்து வந்தது. விடுதி மழலையர் பள்ளியாகிவிட்டதாம். நான்காம் அறையில் யூகேஜி வைக்க வேண்டுமாம். அதையும் ஒட்டினீர்கள். மூன்றாவது வந்தபோது அது கல்யாண மண்டபம். மாப்பிள்ளை அறைக்குச் சாவி கேட்டிருந்தார்கள். "மூணு ஓனரு மாறிட்டாங்க, பூட்டு மாறல பாத்தியா" என்று என்னிடமே பெருமையடித்தீர்கள். அன்று உங்களோடு பேசவில்லை. நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

மறுவருடத் திருவிழாவுக்கு நான் அழுது பிடிவாதம் பிடித்ததால் நேராக அங்கேதான் போனோம். வாசலில் பிரசவ ஆஸ்பத்திரி என்று பலகை இருந்தது. நர்ஸ் நம் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"யாருக்குப் பிரசவம்?"

"பிரசவமில்லம்மா. பூட்டப் பாக்க வந்தோம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள் நிற்கவில்லை. பூட்டு அப்படியே தொங்கியது. எண்ணெய் விடாமலே ஒரே திருப்பில் திறந்தது. உங்கள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கதவைத் தள்ளினீர்கள்.

உள்ளே கட்டிலில் ஒரு அக்கா, மடியில் குழந்தையோடு உட்கார்ந்து நம்மைப் பார்த்தார். பக்கத்துச் சுவரை இடித்து, மூன்றாம் அறையிலிருந்து வர ஒரு வாசல் வைத்திருந்தார்கள்.

பிறகு நீங்கள் நர்ஸிடம் சொன்னீர்கள்: "பாத்தீங்களா? செவுருதான் போச்சு. பூட்டு போகல."

அக்காவின் கையில் என் புத்தகம் இருந்தது. கேட்டேன். "இரு பாப்பா, கப்பல் கவுந்துருச்சு. யாரு பொழச்சாங்கன்னு பாத்துட்டுத் தாரேன்." பன்னிரண்டு பக்கங்கள் மீதி. வராந்தாவில் காத்திருந்தோம். கைக்கு வந்தபோது கொள்ளையர் எல்லோருக்கும் சிவப்புக் கிரேயானில் மீசை இருந்தது. அட்டையில் சந்தனக் கைரேகை. கடைசிப் பக்கத்தில் யாரோ பந்திக்குக் கூட்டு, பொரியல் என்று வெஞ்சனப் பட்டியல் எழுதியிருந்தார்கள். சிஸ்டர் அதை நெடுநேரம் புரட்டினார். அப்புறம் வேறொரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, "இது ஊரைத் தாண்டக் கூடாது" என்றார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கிளம்பும்போது பழக்கத்தில் அந்தக் கதவைப் பூட்டிவிட்டீர்கள். கொடைரோடு வந்ததும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து என்னைப் பார்த்தீர்கள். "விடு. அவங்களுக்குத்தான் வேற வாசல் இருக்கே." ஒரு சாவியை எனக்குத் தந்தீர்கள். மற்றதை எங்கே வைத்தீர்கள் என்று இப்போது யாருக்கும் தெரியவில்லை.

என் சாவி ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. பதிலும் எழுதிவிட்டேன், உறையில் விலாசம்கூடப் போட்டாயிற்று. காலையில் சாவியோடு சேர்த்து அனுப்பச் சொல்கிறார் அம்மா. அதுதான் நியாயம். அனுப்பிவிடுவேன்.

ஆனால் மாமா, இன்னும் ஒரு வாரம் அவர்கள் முயற்சி பண்ணட்டும்.

அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.