ஈரத்தோல் கட்டு

வேலூர், 12 மார்ச் 1934

ஜெபகனியின் அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

என் கிதாரில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கட்டை விரிசல் விட்டபோது ஆசாரியைக் கூப்பிடச் சொன்னேன். "ஆசாரி இன்னாத்துக்கு? நானே கட்டித் தர்றேன்" என்றீர்கள். ஈரத்தோல் வாரால் கட்டையைக் கிதாரோடு சேர்த்து இறுக்கி வெயிலில் வைத்தீர்கள். தோல் காய்ந்து சுருங்கியதில் கட்டை பிளந்து, மேல்பலகையும் நொறுங்கியது. "தெரியாம ஆயிடுச்சு" என்றீர்களே! "காய்ஞ்சா சுருங்கும், பார்த்துக் கட்டுங்கடா" என்று தோல் பதனிடும் ஷாப்பில் பதினெட்டு வருஷமாய்க் கத்தும் மேஸ்திரிக்கா தெரியாது?

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் வேதக்கோயிலில் ஆண்கள் முன்னால் நான் வாசிக்கக் கூடாது, அவ்வளவுதானே? அதை வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், ஆனால் உங்களோடுதான் இருந்திருப்பேன்.

இங்கே கன்னியப்பன் ஆசாரி புதுப் பலகையும் கட்டையும் செய்து, வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினார். "தோலைக் காய்ச்சித்தாம்மா இந்தப் பசை. உன் வூட்டுக்காரருக்குத் தெரியுமே" என்றார்.

வரும் ஞாயிறு இந்த ஊர்க் கோயிலில் வாசிக்கிறேன். கேட்க வாருங்கள். கூட்டிப்போக வராதீர்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா