கையெழுத்துக்கு ஒரு பட்டுச்சேலை

அக்கா,

காலையில் பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தேன். அடித்தட்டிலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பெட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் புதுப் பட்டு வாசம் குப்பென்று அடித்தது. மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை. விலைச்சீட்டைக் கிழித்திருக்கிறான், நூல் மட்டும் தொங்குகிறது. உன் மகன் தன் தங்கச்சி கோமதிக்காக எடுத்த சேலை. அவள் கையில் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்துவிட்டுப் போனான். நான் கொடுக்கவில்லை. திருப்பிக் கேட்க அவனுக்கும் வாய் வரவில்லை.

வீட்டை விற்றாயிற்று. நம் பெருமாள்புரம் வீட்டைத்தான். நடுச்சுவர் ஒன்று, வாசல் இரண்டு. மேற்கே மூத்த மருமகள் நீ, கிழக்கே இளையவள் நான். வாங்கியவர் ஒரு டாக்டர். இடித்துவிட்டு ஸ்கேன் சென்டர் கட்டப்போகிறாராம், கட்டட்டும். விஷயம் கேள்விப்பட்டவர்கள் எல்லாம் 'ஐயோ, முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்த வீடாச்சே' என்று என் முகத்தையே பார்க்கிறார்கள். எதுக்கு அழணும்? மழை பெய்தால் உன் அடுப்படி ஒழுகும், வெயில் அடித்தால் என் மாடி அறை வேகும். "இதைப் பெருக்கிப் பெருக்கியே என் இடுப்பு போச்சு. எவனாவது வந்தா வித்துத் தொலைச்சிருவோம்ட்டி" என்று நீதானே சொல்வாய்?

ஆட்கள் முன்னால் உன்னை 'நீங்க' என்பேன், அடுப்படிக்குள் வந்துவிட்டால் 'நீ'. இங்கே இப்போது யாரும் இல்லை.

வண்ணார்பேட்டையில் சேர்ந்து உரக்கடை நடத்திய நம் வீட்டுக்காரர்கள், அண்ணனும் தம்பியும், இந்த இடத்தை வாங்கியபோது, வரிக்கு நல்லது என்று ஆடிட்டர் சொன்னார் என்பதற்காக நம் இரண்டு பேர் பெயரிலும் எழுதினார்கள். ஒரே பத்திரம், ஆளுக்குப் பாதி. வீட்டுக்கு யார் வந்தாலும் உன் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "பொம்பளையாட்க பேர்லதான் இருக்கு. சும்மா பேருக்குத்தான்." என்னவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நாம் காபி தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போவோம். "சிரிக்கட்டும்ட்டி. பத்திரம் சிரிக்காது" என்பாய் நீ.

என்னவர் போய் அஞ்சு வருஷம், நீ போய் இரண்டு வருஷம் ஆன பிறகு ஒரு புரோக்கர் வந்தார். அத்தான், உன் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து அளவு, பாதை, கிணறு எல்லாம் பேசினார். நான் ஒருத்தி அங்கன நிற்கிறேன் என்று அந்த ஆளுக்குக் கண்ணே தெரியவில்லை. கடைசியில் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "அண்ணாச்சி, இதுல உங்க கையெழுத்து மட்டும் போதாதே. இந்த அம்மா போடணும். மூத்தம்மா பாதிக்கு வாரிசுக எல்லாரும் போடணும்." அத்தான் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆடிட்டரை அந்த வயசில் வைதார், செத்துப்போன மனுஷனை!

வாரிசு என்றால் அத்தான், உன் மகன், கோமதி. அடுத்த வாரமே பெங்களூரிலிருந்து மகன் சேலைப் பெட்டியோடு வந்துவிட்டான்.

"சித்தி, தங்கச்சிகிட்ட நீங்கதான் பைய சொல்லணும். அவ பங்கை விட்டுக்குடுக்கேன்னு விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து. அவளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் கல்யாணத்தப்பவே செஞ்சாச்சுல்லா?"

"ஏலே, உன் கல்யாணத்துக்கு மட்டும் செலவு ஆகலையா? நீ என்ன ஓசியிலயா தாலி கட்டுன?" என்றேன். சித்தி தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்துச் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து உன் அண்ணன்மார் வந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வாழைத்தார், ஒரு அரக்குப் பட்டு, வாசலில் வாடகைக் கார். பத்திர ஆபீசுக்குப் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டாய். "எங்க கையெழுத்துப் போடச் சொன்னாங்களோ அங்க போட்டேன்" என்றாய். கணக்கில் பட்டம் வாங்கியவள் நீ! ஒரு வயலும் அரை வீடும் போனது உனக்கு ஆறு மாசம் கழித்துத்தான் உறைத்தது. அந்தச் சேலையை ஒரு நாள்கூட நீ உடுத்தவில்லை. நாலாய் மடித்து அரிசி டிரம் மேல் போட்டு வைத்தாய். ஜரிகையில் அந்துப்பூச்சி ஊர்ந்ததை ஏதோ வேடிக்கை மாதிரி எனக்குக் காட்டுவாய்.

அதைப் பார்த்த பிறகும் நான் போய்ப் போட்டேனே, என்னைச் சொல்லணும். என் தம்பிகள் வந்தபோது அடுப்படிக்குள் இழுத்துப் போய் "போடாதட்டி" என்றாய், கையைப் பிடித்துக்கொண்டு. "பிறந்த வீடு வேணும்லா அக்கா?" என்று உதறிவிட்டுப் போனேன். நாலு நாள் நீ என்னோடு பேசவில்லை. பிறந்த வீடு என்ன ஆயிற்று? இப்போது தம்பிகள் வாசலை மிதிப்பதே இல்லை. பிறந்த வீட்டுச் சீர், பொங்கல்படியைக்கூட வங்கிக் கணக்கில் அனுப்பிவிடுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசி மாசம், உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் துடைத்துவிட்டு, "கோமதியை மட்டும் போட விட்டுராத" என்றாய். எதை என்று நான் கேட்கவில்லை.

ஆனால் உன் மகள் என்ன சொன்னாள் தெரியுமா? கட்டியவன் விட்டுவிட்டுப் போய், லேபில் வேலை பார்த்துக்கொண்டு, வயசுக்கு வந்த பிள்ளையோடு மூணு வருஷத்தில் நாலு வாடகை வீடு மாறியவள். "நான் போட்டுருதேன் சித்தி. காசு இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். அண்ணன் வேணும்லா?" என்றாள். செவிட்டில் அறையலாமா என்று வந்தது எனக்கு. அவளை இல்லை, என்னையே.

அன்றைக்கே உன் பக்கத்து ஹாலில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "அவ விடுதலைப் பத்திரத்துல போட்டா, நான் விற்பனைப் பத்திரத்துல போடமாட்டேன். வீடு இங்கனயே நிக்கட்டும்."

"சித்தி, அட்வான்ஸ் வாங்கியாச்சு!" என்றான் மகன்.

"வாங்குன கை திருப்பிக் குடுக்கட்டும்."

அத்தான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? உன் பாதி உனக்கு முழுசா வருதுல்லா?"

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. "வருது அத்தான். அதனாலதான் என்னால சொல்ல முடியுது."

பொய் சொல்வானேன் அக்கா, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஒன்றரை மாசம் ஒருவரும் என்னோடு பேசவில்லை. என் பிள்ளையே சென்னையிலிருந்து போன் போட்டு, "பெரியப்பா குடும்பத்துக்குள்ள நீ ஏம்மா தலையிடுத?" என்றான். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்து இலை காலியாகவே கிடந்தது. இரண்டு பாயசமும் எனக்குத்தான் என்று வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். கடைசியில் டாக்டர் வேறு இடம் பார்க்கப் போகிறேன் என்று சொன்ன பிறகுதான் உன் மகன் இறங்கி வந்தான். அதுவும் அவனாக வரவில்லை, புரோக்கர் வழியாகச் சொல்லி அனுப்பினான்.

போன வியாழக்கிழமை பத்திரப்பதிவு. விற்கிறவர்கள் பெயரில் நான் முதலில், அத்தான், மகன், பிறகு கோமதி. கையெழுத்துப் போடும்போது அவள் முழுப் பெயரையும் எழுதினாள். அவள் பங்குக் காசோலை அவள் கைக்கே வந்தது. வெளியே வந்ததும் அண்ணன்காரன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரில் ஏறினான். அவள் இரண்டு எட்டு பின்னாலேயே போய், "அண்ணே" என்று கூப்பிட்டாள். கார் கிளம்பிவிட்டது.

ஆட்டோவில் ஏறினதிலிருந்து அழுதாள். "உங்களாலதான் சித்தி. எனக்குன்னு இருந்தது அவன் ஒருத்தன்தான்" என்றாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. "அழுட்டி, நல்லா அழு. ஆனா அவன் வந்து கேட்டான்னு இதைத் தூக்கிக் குடுத்துராத" என்றேன். அவள் மடியில் காசோலை இருந்த பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அழுகைக்குக் காரணம் நான்தான் அக்கா. யார்மேலும் அதைப் போடமாட்டேன். இனிப் போகிற இடத்துக்கெல்லாம் நானே கொண்டுபோகிறேன். ஆனால் நாளைக்கே இன்னொரு தடவை இப்படி ஒரு நிலை வந்தாலும் இதையேதான் செய்வேன்.