என் கண்ணுக்குத் தெரிந்த கல்

ஜனவரி 18, ஞாயிறு

நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. இன்று துர்காதேவி போன் செய்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். வெறும் தங்க மோதிரம் வேண்டாமாம், கலர்க் கல் வைத்தது வேண்டுமாம். "கல்லை நீங்களே எடுங்க. நான் வரமாட்டேன். உங்களுக்கு எந்தக் கலர் புடிக்குதுன்னு நான் பாக்கணும்."

நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவள். அரக்கிலேயே ஏழு அரக்கு சொல்லுவாள். எனக்கோ சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டுமே சேறு. நிறக்குருடு. பெரிய காஞ்சிபுரத்தில், நெசவுக்காரர் வீட்டில், இப்படி ஒரு பிள்ளை! நான் கணக்கு வாத்தியார் ஆனதே அதனால்தான்.

அவளுக்கு இது தெரியாது. சொல்லக் கூடாது என்பது அப்பா உத்தரவு. போன வருஷம் வேறொரு பெண் வீட்டார் வந்தபோது உள்ளதைச் சொன்னோம். காபி குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். "கண்ணு கோளாறுன்னு ஊரு பூரா ஆயிடும்டா. கல்யாணம் முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்" என்கிறார்.

முடிந்த பிறகு சொன்னால் அதற்குப் பெயர் என்ன?

ஜனவரி 21

பேசாமல் முத்து வாங்கிவிடலாமா? முத்து வெள்ளை. அவள் கேட்டது கலர். மடையா.

ஜனவரி 24, சனி

ராமராஜன் கடைக்குப் போனேன். நகைக்குக் கல் விற்கிறவர். தட்டில் பரப்பி வைத்தார். புடவைக் கடை என்றால் எப்படியோ சமாளித்துவிடுவேன், யாராவது கலர் பெயரைச் சொல்வார்கள், கூடவே தலையாட்டலாம். இங்கே அவர் "இது மாணிக்கம், இது மரகதம்" என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டுகிறார், எனக்கு எல்லாம் வறுத்த புளியங்கொட்டை. "எது நல்லா இருக்குது?" என்று அவரையே கேட்டேன்.

"மாணிக்கம் எடுங்க தம்பி. பொண்ணு கைக்கு எடுப்பா இருக்கும்."

எடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் தட்டின் மூலையில் ஒன்று இருந்தது. நீலம். அதைப் பார்த்த பிறகு வேறு எதையும் பார்க்க முடியவில்லை. "டியூப்லைட்டை நம்பாதீங்க" என்று வாசலுக்கு அழைத்துப் போய் வெயிலில் காட்டினார். கல்லைத் திருப்பத் திருப்ப உள்ளே ஒரு வெளிச்சம் ஓடியது. அது எனக்குத் தெரிந்தது, முழுசாக, யாரும் சொல்லித் தராமல். கண் கலங்கிவிட்டது. தூசு என்று சமாளித்தேன்.

"நிச்சயத்துக்கு நீலமா?" என்று அவரே தயங்கினார். சனீஸ்வரன் கல்லாயிற்றே. "துணியில கட்டி தலகாணிக்கு அடியில வெச்சுப் பாருங்க. கெட்ட கனா வந்தா எடுத்துக்கினு வாங்க, மாத்தித் தரேன்." இன்னொன்றும் சொன்னார். நீலம் கெட்டியான கல், மற்ற நகையோடு போட்டால் அவற்றைக் கீறிவிடும், தனியாக மெல்லிய துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

ஜனவரி 25

அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "உலகத்துல வேற கல்லே இல்லயா? நீலம் எல்லாருக்கும் சேராதுடா!"

"மாணிக்கமா மாத்திக்கினு வா" என்றார் அப்பா.

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்" என்றேன். படுக்கும்போது அம்மா நீலம் கட்டிய முடிச்சைக் கொண்டுவந்து என் தலையணைக்கடியில் வைத்தாள்.

ஜனவரி 27

கெட்ட கனவு எதுவும் இல்லை. ஆனால் ஏனாத்தூர் ரோட்டில் வண்டி பஞ்சர். பஞ்சர் ஒட்டியவர் ஆணி என்றார், அம்மா சனி என்கிறாள்.

ஜனவரி 28

அம்மாவுக்குப் புது யோசனை. "போட்டுக்கப் போறது அந்தப் பொண்ணு. உன் தலகாணிக்கடியில வெச்சா என்னாடா தெரியும்? அவகிட்ட குடு, அவ பாக்கட்டும்."

கொடுத்தால் ஏன் நீலம் என்று கேட்பாள். மாணிக்கமாக மாற்றிவிட்டால் கேள்வியே இல்லை. ஆனால் என் மனசு என்று நினைத்து அவள் ஆயுசு பூராவும் போட்டுக்கொள்ளப் போவது ராமராஜனின் மனசை! முடியாது. அவள் போய்விடுவாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் முடியாது.

பிப்ரவரி 1, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காமாட்சியம்மன் கோயில் பக்கத்துக் காபிக் கடையில்.

எல்லாரும் கேட்பதைத்தான் அவளும் முதலில் கேட்டாள். "இந்த சுடிதார் என்ன கலர்?"

"தெரியல. சேறு மாதிரி இருக்குது."

சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பொண்ணு பாக்க வந்தப்ப இந்தப் பச்சை உனக்கு நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே?"

"உங்கம்மா பச்சைன்னு சொன்னாங்க. அதை வெச்சு சொன்னேன்."

முகம் வாடிவிட்டது. "கண்ணுக்குத் தெரியாதது உங்க தப்பில்ல. மறைச்சீங்க பாருங்க, அதான்." நான் நீட்டிய முடிச்சைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "நானும் வெச்சுப் பாக்கறேன். கல்லை மட்டும் இல்ல."

வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 2

போன் வரவில்லை.

பிப்ரவரி 3

வரவில்லை. ஏன்டா சொன்னே? சொல்லாம இருந்திருந்தா மட்டும் நிம்மதியா இருந்திருப்பியா?

பிப்ரவரி 5

காலையில் மெசேஜ். "நல்லா தூங்கினேன். நீங்க தூங்கினீங்களா?"

வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு முறை போட்டிருக்கிறேன். பையன்கள் ஒருத்தனும் சொல்லவில்லை, திருட்டுப் பயல்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

துர்காவின் அப்பா அர்ஜுனன் வந்தார். வெகுநேரம் தறியைப் பற்றியே பேசிவிட்டு, "பொறக்கற புள்ளைங்களுக்கு வருமாப்பா?" என்று கேட்டார்.

"வரலாம் மாமா."

"ம். எம் பொண்ணு முடிவு பண்ணிட்டா. இனிமே எதையும் மூடி வெக்காதீங்க." அவர் சொன்னது அப்பாவுக்கு. அப்பா தலை குனிந்து கேட்டுக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. மோதிரம் போட்டேன். சொந்தக்காரர்கள் "நீலமா!" என்று மூக்கில் விரல் வைத்தார்கள். அவள் எல்லாரிடமும் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள்.

மார்ச் 15

மோதிரம் மங்கிவிட்டது என்று கழற்றிக் கொடுத்தாள். சமைக்கும்போதும் கையில் கிரீம் பூசும்போதும் கழற்றுவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு, குழந்தைகள் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கல்லுக்குப் பின்பக்கம் மெதுவாகத் தேய்த்தேன். அழுக்கெல்லாம் அங்கேதான் சேர்ந்திருந்தது. துடைத்துக் கொடுத்தவுடன் விரலைத் தூக்கிப் பார்த்து, "இனிமே இது உங்க வேலை" என்றாள். அதட்டுகிற மாதிரிதான் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

இரண்டு வீட்டாரும் புடவை எடுக்கப் போனோம். முகூர்த்தத்துக்கு அரக்கு, அதில் பேச்சுக்கே இடமில்லை. அடுத்தது மாலை ரிசப்ஷன் புடவை. கடைக்காரர் விரித்துக்கொண்டே போனார். நான் பழக்கதோஷத்தில் எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். துர்கா என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

திடீரென்று அம்மா குரல். அம்மாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "அதெல்லாம் எடுத்து வெச்சுடுப்பா. எம் புள்ளைக்குச் சேப்பும் பச்சையும் தெரியாது. அவன் கண்ணுக்குத் தெரியற மாதிரி நல்ல நீலமா ஒண்ணு எடு."

கடையே திரும்பிப் பார்த்தது. எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அப்பாவைப் பார்க்கவே பயம். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடைக்காரர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மஞ்சளும் நல்லாத் தெரியும்பா அவனுக்கு. பார்டர் மஞ்சள்ல காட்டு."