பதினாலு வரியும் ஒரு குடையும்

அன்பின் பேணாட் சேர்,

ஓய்வுபெற்றுப் போகும்போது எனக்கென்று நீங்கள் கொடுத்துவிட்ட கவிதைக் கொப்பி கிடைத்தது. "ஒரு பதில் எழுதிப்போடுங்கோவன், பாவம் மனுசன்" என்று அதைக் கொண்டுவந்து தந்த சுலக்ஷனா ரீச்சர் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

முதலாம் எலிசபெத் காலத்துச் சொனெற்றுக் கவிதைகளை நீங்கள் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தபோது, பக்கத்து வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கும் கேட்கும். காதலன் பதினாலு வரியும் உருகுவான். அந்தப் பெண் வாயே திறக்கமாட்டாள். அதே பாணியில் நீங்கள் என்னைப் பற்றி எழுதியவற்றிலும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் கண்கள் கோபத்தில் சிவந்திருந்தன என்கிறீர்கள். அம்மா படுக்கையில் கிடந்த வருடங்கள் அவை. நித்திரை இல்லை, சேர். சாம்பல்தீவு பஸ்ஸில் நெரிபட்டு வந்து வியர்வையோடு இறங்கியவளைப் பனிக்கட்டி என்கிறீர்கள்.

கோபித்து எழுதவில்லை, களைத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

ஏழாவது கவிதையை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். மாரி மழையில் பஸ் தரிப்பில் நான் முக்கால் மணித்தியாலம் நனைந்து நின்றதை, ஆசிரியர் அறை யன்னலால் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். நல்ல கவிதை. வெட்டி வெட்டித் திருத்தியும் இருக்கிறீர்கள்.

அந்த யன்னலோரம் உங்கள் கதிரையில் கறுப்புக் குடையொன்று எப்போதும் தொங்கும்.

அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்திருந்தால், நீங்கள் வாய் திறந்து கேட்காமலே நான் ஓம் என்றிருப்பேன்.

இப்படிக்கு,
பக்கத்து வகுப்புக் கணித ரீச்சர்